வேண்டாம் என்ற ரேடியோ

செத்துப்போனவர்கள் பேசுகிறார்களாம். அதுவும் பழைய ரேடியோவில், முள்ளை எந்த நிலையமும் கிடைக்காத இடத்தில் வைத்தால். கேள்விப்பட்டதும் ஊரே அந்த ரேடியோவை வைத்திருந்த சாமியார் அலைவரிசை அய்யாவின் மாடிக்குப் படையெடுத்தது. உயிரோடிருந்தபோது மாமனாரிடம் முகம்கொடுத்துப் பேசாத மருமகன்கள்கூட, அவர் ஆவியோடு அளவளாவ வரிசையில் நின்றார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவரே, "அலைக்கு ஏது சார் அழிவு!" என்று நற்சான்று கொடுத்துவிட்டார். அப்புறம் என்ன, மற்றவர்கள் செருப்போடு சேர்த்து மூளையையும் வாசலிலேயே கழற்றிவிட்டார்கள்.

பெரியவளுக்கு இதெல்லாம் எரிச்சலாக இருந்தது. தங்கை சின்னவளின் கல்யாணத்துக்கு, இறந்துபோன அப்பாவிடம் சம்மதம் கேட்க அம்மா இருவரையும் இழுத்து வந்திருந்தாள். ரேடியோ சும்மா இருந்தால் சரி, இரைந்தால் வேண்டாம். அதுதான் அங்கே சட்டம்.

அப்பாவின் படத்துக்கு முன்னால் ரேடியோவை வைத்தார்கள். அய்யா தடித்த மெத்தையில் சம்மணமிட்டுக் கண்ணை மூடினார்.

"என்னங்க, இந்தப் பையனையே பேசி முடிச்சிடலாமா?" அம்மா படத்தைப் பார்த்துக் கேட்டாள்.

கர்ர்ர்ர்!

"உங்க வீட்டுக்காரர் கொதிக்கிறாரும்மா," என்றார் அய்யா. "கல்யாணத்தை நிறுத்துங்க. வாராவாரம் இங்க வந்து சாந்தி பண்ணுங்க."

சின்னவள் விசும்பினாள். அம்மாவோ தலையாட்டினாள்.

அந்த இரைச்சலைப் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். அதோடு மாரடிப்பதுதானே அவள் உத்தியோகம்! பேட்டரி மின்சாரத்தை வேண்டியபடி மாற்றித் தரும் கன்வெர்ட்டர் பெட்டிகளில், இரைச்சல் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறவள் அவள். எழுந்துபோய் ரேடியோவைக் கையில் எடுத்தாள்.

"தொடாதே! அப்பாவுக்குக் கோபம் ஏறும்!" அய்யா அலறினார். கோபத்தைக் காட்ட வேண்டுமே, சத்தத்தை விடாமல் ஓடவிட்டார். அங்கேதான் மாட்டினார்.

அவள் ரேடியோவைப் படத்துக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனாள். சத்தம் கூடவில்லை. வாசல் பக்கம் நடந்தாள். முனகலாகத் தேய்ந்தது. மெத்தையை நெருங்கினாள். காது கிழிந்தது!

"அப்பா என்ன, அய்யா மடியில ஏறி உக்காந்துட்டாரா?"

"ஆத்மா எனக்குள்ள இறங்கிருச்சு!"

"சந்தோஷம். அப்போ எழுந்து அந்தப் பக்கம் வாங்க, ஆத்மாவும் கூட வரட்டும்."

அய்யா அசைவாரா? அம்மாதான் மெத்தையின் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். அய்யா உருண்டார். அடியில் ஒரு பேட்டரி, மூடி கழற்றிய கன்வெர்ட்டர், முழங்காலால் அழுத்த வாகாக ஒரு பொத்தான்.

"இதுதாம்மா ஆவி," என்றாள் பெரியவள். "மின்சாரத்தைக் கண்ணிமைக்கிற நேரத்துல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி விடுது. அந்த வெட்டுல தெறிக்கிறதுதான் ரேடியோவுல கர்ர்ருங்குது. நல்ல பெட்டின்னா மூடி போட்டு அடக்குவோம். இவர் அதைக் கழற்றிட்டு அப்பாவோட கோபம்கிறார்."

வரிசையில் நின்ற இயற்பியல்காரர் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

"அப்போ உங்கப்பா சம்மதம்?" அம்மா கேட்டாள்.

"உன்னைக் கேக்காம அப்பா எந்த முடிவாவது எடுத்திருக்காரா? நீ சொல்லு."

அம்மா சின்னவளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "தங்கமான பையன்டி. முடிச்சிடலாம்."

ரேடியோவுக்கு அவ்வளவு பணிவாகக் காதைக் கொடுத்த பெருமக்களே, பக்கத்திலேயே ஒரு பெண் அழுதாளே, அது உங்களில் யார் காதில் விழுந்தது? செத்தவர்களை நிம்மதியாகத் தூங்க விடுங்கள். எழுப்ப வேண்டியது உங்கள் தலைக்குள் தூங்குகிறதே, அதைத்தான்!