இரவல் போன கவிஞர்

ஊர் சுற்றிக் காட்டும் கவிஞர் என்றோர் இனம் உண்டு. கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வாழ்க்கையில் ஒரேயொரு தொகுப்புப் போட்டிருப்பார். அன்றிலிருந்து அவர் வசிக்கும் நகரத்தின் வீதிகளெல்லாம் அந்தத் தொகுப்பில் போய்த்தான் முடியும். ஒஸ்லோவில் இந்த இனத்தின் கொழுத்த மாதிரி என் பள்ளித் தோழர் பரமநாதன். வேலை நேரத்தில் ட்ராம் ஓட்டுவார், மிச்ச நேரமெல்லாம் கவிஞர்.

முப்பத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு எங்கள் வகுப்புத் தர்மினி பாரிஸிலிருந்து வந்து இறங்கியதும் பரமநாதனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பள்ளிக் கவிதைப் போட்டியில் அவருக்குக் கிடைக்கவேண்டிய முதற்பரிசைத் தட்டிக்கொண்டு போனவர் இந்தத் தர்மினி. அந்தத் தர்மினியின் கண்முன்னால் தன் நூல் நோர்வே நூலகத் தட்டில் நிமிர்ந்து நிற்க வேண்டும். பரமநாதனுக்கு வேண்டியது அவ்வளவுதான். சாட்சிக்கு என்னையும் பக்கத்து நகரமான திராமனிலிருந்து ரயிலில் வரவழைத்திருந்தார்.

முதலில் நாடக அரங்கு, பிறகு அதன் வாசலில் நிற்கும் வெண்கல எழுத்தாளர்கள், பிறகு ஒரு பெரிய நாவலாசிரியர் நாள் தவறாமல் கோப்பி குடித்த கடை. எந்த நாவலாசிரியர் என்று தர்மினி கேட்டார்.

"அது முக்கியமில்லை. அந்த யன்னலோரக் கதிரையிலை நானும் இருந்தனான்."

எழுத்தாளர்களைப் புதைத்த இடுகாட்டில் புல்தரையைக் கண்ணால் அளந்தார்.

"இஞ்சை இன்னும் இடம் கிடக்கு."

"உமக்கென்ன அவசரம்?" என்றார் தர்மினி.

கடைசியாகக் கடலோரத்துப் பெரிய நூலகம். தமிழ்த் தட்டை நோக்கி மனிதர் ஓடியே போனார். அங்கே இடப்பக்கம் சமையல், வலப்பக்கம் சோதிடம், நடுவில் ஒரு விரல் அகல வெற்றிடம். பரமநாதனின் முகம் செத்துப்போயிற்று. நூலகப் பணியாளர் மேசையில் இருந்த நிருஜா, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, கணினியைத் தட்டிப் பார்த்தாள்.

"அது உத்லோன்ட், அங்கிள். இரவல் போயிட்டுது."

இரவலா? ஒரு வாசகரா? அதுவும் தர்மினி பக்கத்தில் நிற்கும்போதா? பரமநாதன் இரண்டு அங்குலம் வளர்ந்தார்.

"பாத்தீரே தர்மினி, சனம் தேடி எடுக்குது."

"பத்து வருசத்திலை பதினாறு தரம் போயிருக்கு," என்றாள் நிருஜா. தர்மினியின் புருவம் உயர்ந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த இனத்துக்கு நிறுத்தத் தெரிந்தால் நாம் ஏன் இவ்வளவு பாடுபடப் போகிறோம்?

"ஆர் பிள்ளை எடுத்தது? நான்தான் எழுதினனான். ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுக்கலாம்."

"சொல்ல ஏலாது, அங்கிள். ஆர் என்ன வாசிக்கினம் எண்டது இரகசியம். எடுத்த ஆளுக்கு மட்டும்தான் சொல்லலாம்."

தான் சாதாரண ஆளில்லை என்று காட்டுவதற்காகத் தன் நூலக அட்டையை எடுத்து நீட்டினார். நிருஜா அதை இயந்திரத்தில் வைத்தாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லலாம், அங்கிள்."

யாரும் எடுக்காத நூல்களைக் கழித்துவிடுவார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்ட நாளிலிருந்து, மனிதர் தன் நூலைத் தானே இரவல் எடுத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார். பதினாறாம் முறை எடுத்ததை, தர்மினி வருகிற சந்தோசப் புளுகத்தில், திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார். நான் சிரிப்பை அடக்க மாட்டாமல் சோதிடப் புத்தகம் ஒன்றை எடுத்து விரித்து முகத்தை மூடிக்கொண்டேன்.

தர்மினி சிரிக்கவில்லை. "அப்ப புத்தகம் உம்மட வீட்டைதானே கிடக்கு? வாரும் போவம். தட்டிலை பாத்து என்ன செய்யிறது? எனக்கு வாசிக்கத்தான் விருப்பம்."

"வாசிக்கவோ?" என்றார் பரமநாதன். குட்டு வெளிப்பட்டபோதுகூட அவர் இப்படி வெளிறவில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். நேற்று முகநூலில் நீங்கள் எழுதினீர்களே, அதற்கு முதல் விருப்பம் போட்டது யார்? "பார்த்தேன், அருமை" என்றவர்களுக்கெல்லாம் பாய்ந்து பாய்ந்து நன்றி சொன்னீர்கள். "முழுவதும் வாசித்தேன், ஒன்று கேட்கலாமா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறாரே, அவருக்கு மட்டும் இன்னும் ஏன் பதில் போடவில்லை?