மஞ்சள் தடவிய முதல் அட்டை

பயந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது, கை மட்டும் வேலை செய்யும். என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் அப்படி எடுத்தவைதான்.

அறுபதுகளின் கடைசியில் திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தற்காலிக வேலை. கொதிகலன் குழாய்களின் அழுத்தத்தைக் கணக்கிட ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் மெட்ராஸில் இருந்தது. (போட்டோவில்தான் பார்த்திருந்தேன்.) வரிக்கு ஓர் அட்டை என்று துளை போட்டு, நூற்றுச் சொச்சம் அட்டைகளை ரயிலில் அனுப்ப வேண்டும். புரோகிராம் ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு உட்கார வேண்டியதுதான்.

அதில் முதல் அட்டைதான் உயிர். 'அழுத்தம் என்று ஒரு பெயர் வரும், அதற்கு இருபது இடம் ஒதுக்கி வை' என்று கம்ப்யூட்டரிடம் முன்கூட்டியே அறிவிக்கிற அட்டை. படித்ததும் அது தன் பெயர்ப் பட்டியலில் குறித்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத பெயர் பின்னால் வரும் அட்டைகளில் அடைப்புக்குறியோடு வந்தால், வேறெங்கோ எழுதி வைத்திருக்கும் தனிக் கணக்கு போலிருக்கிறது என்று அதைத் தேடப் போய்விடும்.

அனுப்ப வேண்டிய நாள் காலையில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அட்டைக் கட்டைப் பிரித்தேன். புதுச் சட்டைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் மூலையில் மஞ்சள் தடவுகிறோமே, இதற்கு மட்டும் ஏன் கூடாது? சமையலறையில் மஞ்சளைக் குழைத்து முதல் அட்டையின் நான்கு மூலையிலும் தாராளமாகத் தடவினேன். (நான் பொறியியலில் முதல் வகுப்பில் தேறியவன்.)

நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மேலதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் தலையணை உயரத்துக்குக் காகிதக் கட்டு. இவ்வளவு விடையா என்று ஒரு கணம் பூரித்தேன். அத்தனையும் பிழைச் செய்தி. 'அழுத்தம்' வந்த வரியெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாத கணக்கைத் தேடி அலைந்திருந்தது. கட்டின் மேல் மஞ்சள் அட்டையும் மெட்ராஸ்காரர்கள் எழுதிய ஒரு சீட்டும். 'இது பிசுபிசுவென்று இருந்ததால் மெஷினில் போடவில்லை. கல்யாணத்துக்கு எங்கள் வாழ்த்துகள்.'

"என்ன தம்பி, உங்களுக்குக் கல்யாணமா?" என்றார் மேலதிகாரி.

வேலை போச்சு என்று காதுக்குள் இரைந்தது. மஞ்சளுக்கு வேறு என்ன காரணம் சொல்வது?

"ஆமாங்க சார்."

"அதான் கவனம் இங்க இல்லை. முன்னாடியே சொல்லக் கூடாதா? பொண்ணு எந்த ஊரு?"

அவர் மேஜையில் மணப்பாறை முறுக்குப் பொட்டலம் பிரிந்து கிடந்தது.

"மணப்பாறைங்க."

"எப்போ?"

"தை மாசங்க."

மாப்பிள்ளைப் பையன் என்று இரங்கி, புது அட்டை சேர்த்து இன்னொரு தடவை அனுப்ப விட்டார். புரோகிராம் ஓடியது, வேலை நிரந்தரமானது. ஆனால் குடும்பத்தோடு கல்யாணத்துக்கு வருவதாக அவர் சொல்லிவிட்டாரே. பொய் சொன்ன அன்றே சாயங்காலம் அப்பாவிடம் அழாத குறையாக எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர், "தைக்கு எத்தனை மாசம் இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"மூணுப்பா."

மறுநாளே இருவரும் மணப்பாறைக்குப் பஸ் ஏறினோம்.

தையில் மேலதிகாரி சொன்னபடியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பேரப்பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் என் மனைவி இந்தக் கதையை இப்படித்தான் முடிக்கிறாள்: "அந்த மேஜையில மட்டும் திருநெல்வேலி அல்வா இருந்திருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்."