ஜன்னல் அறைக்காக ஓர் ஓட்டம்

நான் ஓடப் போவதாக அறிவித்தபோது என் மனைவி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "யாருக்குப் பயந்து?"

சாப்பாட்டு மேஜையில் அவள் ஒரு யானைக்குத் தும்பிக்கை வரைந்துகொண்டிருந்தாள். பள்ளிப் பாடப் புத்தகங்களுக்குப் படம் போடுவது அவள் தொழில். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து பவர் சொல்வது என் தொழில். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவன் நான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைப் பார்த்துச் சிரிக்க உதவும்.

"பயந்து இல்ல. பந்தயத்துல. அரை மாரத்தான். இருபத்தொரு கிலோமீட்டர்."

"அரையா? மீதி அரையை யார் ஓடுவா?"

"நீ ஓடேன்!" என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவளும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஓட்டம் ஒரு சாக்கு. உண்மையான விஷயம், அறை. எங்கள் வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். வீட்டு உரிமையாளர் தன் பழைய சாமான்களைப் போட்டுப் பூட்டி வைத்திருந்த மூலை அறையை அந்த மாதம்தான் காலி செய்து எங்களுக்குக் கொடுத்திருந்தார். பெரிய ஜன்னல். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வெளிச்சம். அவளுக்கு அங்கே உட்கார்ந்து படம் வரைய வேண்டும். எனக்கு அங்கே சாய்வு நாற்காலி போட்டு யோசிக்க வேண்டும்.

"என்ன யோசிப்பீங்க?"

"அங்க போய் உட்கார்ந்தாத்தானே தெரியும்!"

அவள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சாப்பாட்டு மேஜையில் வரைவதால் என் காபிக் கோப்பையின் வட்டம் அடிக்கடி அவள் காகிதத்தில் பதிந்துவிடும். ஒருநாள் யானையின் தலைக்கு மேல் பதிந்தது. அவள் அதைச் சுற்றிக் கதிர்கள் போட்டுச் சூரியனாக்கினாள். மறுநாள் பதிந்தது குட்டி யானை குளிக்கும் குளமாயிற்று. "பதிப்பகத்துல கேக்குறாங்க, ஏன் எல்லாப் படத்துலயும் வட்டமா ஏதோ ஒண்ணு இருக்குன்னு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"பந்தயம்" என்றேன். "நான் ஓட்டத்தை முடிச்சுட்டா அறை எனக்கு. முடிக்கலேன்னா உனக்கு."

"அது எப்படி? நீங்க தோத்தாத்தான் எனக்கா? நான் ஜெயிச்சு வாங்கக் கூடாதா?"

பெருந்தன்மை எனக்குத் தும்மல் மாதிரி. திடீரென்று வரும், அடக்க முடியாது. "சரிம்மா. நம்ம ரெண்டு பேர்ல யார் முதல்ல ஓடி முடிக்கிறாங்களோ, அறை அவங்களுக்கு. போதுமா?"

"போதும்" என்று சொல்லி யானைக்குக் கண் வைத்தாள். அந்த யானை என்னையே பார்த்தது.

அன்று மாலையே ஷூ வாங்கப் போனோம். வழக்கம்போல் நான் முன்னால் நடந்தேன், அவள் பைகளோடு பின்னால் வந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான். வேகமாக நடப்பது என் சுபாவம் என்று நான் சொல்வேன். கையில் பை இல்லாவிட்டால் எல்லாருக்கும் அந்தச் சுபாவம் வந்துவிடும் என்று அவள் சொல்வாள். கடையில் எனக்கு ஒரு ஜோடி எடுத்தோம். அவளும் ஒன்று எடுத்தாள்.

"உனக்கு எதுக்கு?"

"காய்கறி வாங்கப் போறப்போ போட்டுக்க."

பாவம், ஆசைப்படுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

பயிற்சியைப் பற்றி எனக்கென்று ஒரு கொள்கை இருந்தது. பந்தயத்தன்று ஓடத்தான் போகிறோம். அதற்கு முன்பே ஓடி உடம்பை ஏன் தேய்க்க வேண்டும்? சக்தியைச் சேமிக்க வேண்டும். ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து சேமித்தால் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிடுவாள். ஆகவே தினமும் காலையில் ஷூ மாட்டி, வாசலில் நின்று காலை முன்னும் பின்னும் உதறி, தெருமுனை வரை புயலாக ஓடினேன். முனை திரும்பியதும் சலூன். உள்ளே சுழல் நாற்காலி. தலைக்கு மேல் மின்விசிறி. மடியில் செய்தித்தாள்.

சலூன்காரர் என் நீண்டகால நண்பர். கிளம்பும் நேரம் வந்ததும், முடிக்குத் தண்ணீர் அடிக்கும் பாட்டிலை எடுத்து என் நெற்றி, கழுத்து, முதுகு என்று முறையாக அடித்துவிடுவார்.

"சார், இன்னிக்கு எவ்வளவு தூரம் ஓடினீங்க?"

"நேத்தைவிட அதிகம் அண்ணே. அக்குள்ல இன்னும் கொஞ்சம் அடிங்க."

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பது அழகில்லை என்று அவ்வப்போது கத்தரியையும் எடுப்பார். அந்த ஒரு மாதத்தில் என் கிருதா ஏறி இறங்கிய தூரத்தில் நானே ஒரு பந்தயம் முடித்திருக்கலாம்.

வீட்டில் ராஜ மரியாதை. வந்ததும் வாழைப்பழம். ராத்திரி தூங்கப் போகுமுன் காலுக்குத் தைலம். என் காலில் தேய்த்துவிட்டு அவள் காலிலும் தேய்த்துக்கொள்வாள்.

"உனக்கு எதுக்கு?"

"கையில மீதி இருக்குங்க. வீணாப் போகக் கூடாதுல்ல."

எப்பேர்ப்பட்ட சிக்கனம்! எனக்குக் கண் கலங்கியது. தைலக் காரமாகவும் இருக்கலாம்.

ஒரே குறை, நான் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டால் அவளுக்குப் பிடிக்காது. ஒருநாள் வந்தபோது கதவு பூட்டியிருந்தது. சற்று நேரத்தில் முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்க, இரண்டு தக்காளியோடு வந்து சேர்ந்தாள்.

"ரெண்டு தக்காளிக்கு இவ்வளவு நேரமா?"

"நல்லதாப் பார்த்து எடுக்க வேண்டாமா? நீங்க ஏன் அதுக்குள்ள வந்துட்டீங்க? இன்னும் கொஞ்ச தூரம் ஓடிட்டு வந்தா என்னவாம்?"

என் முன்னேற்றத்தில் அவளுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். முகத்தைப் பார்த்தே பவர் சொல்லிவிடுகிறவன் நான்.

விபத்து ஒரு திங்கட்கிழமை நடந்தது. வாழைப்பழத்தை நீட்ட வந்தவள் நின்றாள். மூக்கைச் சுருக்கினாள்.

"என்னங்க, உங்க வேர்வை எலுமிச்சம்பழ வாசனை அடிக்குது?"

சலூன்காரர் பாட்டிலில் புதிதாக ஏதோ கலந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

"கொழுப்பு கரைஞ்சா அப்படித்தான் வரும்."

"ஓ. காது மேல முடி ஒட்டியிருக்கே?"

"காத்துல பறந்து வந்திருக்கும்."

"வெள்ளை முடியா இருக்கு. யாரோட தலையில இருந்து பறந்துச்சாம்?"

"எதிர்ல ஒரு பெரியவர் ஓடி வந்தாரு."

"வழுக்கை விழுற அளவுக்கு வேகமா ஓடினாரா?" என்றாள். அத்தோடு விட்டுவிட்டாள். வாழைப்பழத்தை மட்டும் அவளே உரித்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை சலூனில் ஷட்டர் இறங்கியிருந்தது. அதற்கு மறுநாளும். மாலையில் சலூன்காரரைப் பிடித்துக் கேட்டேன்.

"இனிமே காலையில கடை லேட்டாத்தான் திறப்பேன் சார். வீட்டுக்காரம்மா உத்தரவு."

"உங்க வீட்டுக்காரம்மாவா?"

அவர் சீப்பிலிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். "பொதுவாச் சொன்னேன் சார்."

ஷூ மாட்டிய மனிதன் தெருவில் சும்மா நிற்க முடியாது. நாலு பேர் பார்க்கிறார்கள். வேறு வழியில்லாமல், என் வாழ்க்கையில் முதல் முறையாக, நான் ஓடினேன்.

முதல் நாள் மருந்துக்கடை வரை. அங்கேயே வாங்கிச் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் நிலைமை. தெரு நாய்கள்கூடத் துரத்தவில்லை. ஒன்று மட்டும் எழுந்து, என்னைப் பார்த்து, இரக்கப்பட்டு மீண்டும் படுத்துவிட்டது. அடுத்த வாரம் தபால் நிலையம் வரை. அப்புறம் தண்ணீர்த் தொட்டி வரை. ஒருநாள் பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். அன்று சட்டையைப் பிழிந்தால் சொட்டியது என் சொந்தத் தண்ணீர். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் மூக்கை மூடிக்கொண்டாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அதன்பின் என்னைப் பிடிக்க முடியவில்லை. கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் எழுத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே ஓடினேன். "சார், எழுத்து ஆடுது" என்றார் ஒருவர். பவரைக் கூட்ட இருந்தேன். "இல்ல, நீங்க ஆடுறீங்க" என்றார்.

பந்தய நாள் வந்தது. என் ராசியான நீலச் சட்டையைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். "வேற போட்டுட்டுக் கிளம்புங்க, நேரமாச்சு" என்று விரட்டினாள்.

"நீ வரலையா?"

"நீங்க ஓடுறதை நின்னு பார்க்குற பொறுமை எனக்கு இல்லைங்க. முடிக்கிற இடத்துல இருப்பேன். கட்டாயம் இருப்பேன்."

ஆயிரக்கணக்கான பேர். ஆரம்பத்தில் எல்லாரையும் முந்தினேன். பிறகு எல்லாரும் என்னை முந்தினார்கள். பாலம் வரும்போது என் இரண்டு கால்களும் வேறு யாரோ ஒருவருடையவை ஆகிவிட்டன. இறங்கும் இடத்தில் ஒரு நிழல், நிழலில் ஒரு கல். அந்தக் கல்லில் உட்காருவது என்று முடிவே செய்துவிட்டேன். போனால் போகட்டும் சாய்வு நாற்காலி.

அப்போதுதான் முன்னால் அந்த முதுகைப் பார்த்தேன். நீலச் சட்டை, தொப்பி, தொப்பிக்குள் சுருட்டிச் செருகிய பின்னல். ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. வேகமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. அந்த முதுகு நின்றால் நானும் நிற்பது என்று எனக்கு நானே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன்.

அது நிற்கவே இல்லை.

தண்ணீர்த் தொட்டி போயிற்று. தபால் நிலையம் போயிற்று. நான் தரையையும் அந்த முதுகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓடினேன். இப்படி ஒரு பெண்டாட்டி வாய்த்தவன் வீட்டில் வாயைத் திறக்கவே மாட்டான், பாவம் என்று வழியெல்லாம் அந்த முகம் தெரியாத கணவனுக்காகப் பரிதாபப்பட்டேன். கடைசி வளைவு. கூட்டம் கத்தியது. நீலச் சட்டை கோட்டைத் தாண்டியது. அதன் பின்னாலேயே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நானும் தாண்டினேன்!

முடித்துவிட்டேன். நான்! மருந்துக்கடையோடு மூச்சு வாங்கி நின்ற நான்! யாரோ கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள். அழுகையும் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. "அறை எனக்கு! அறை எனக்கு!" என்று சம்பந்தமில்லாதவர்களைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன்.

"முதல்ல தண்ணியைக் குடிங்க" என்றது ஒரு குரல்.

நீலச் சட்டை திரும்பியது. தொப்பியைக் கழற்றியது. என் மனைவி. கழுத்தில் பதக்கம்.

ஊருக்கே பார்வை கொடுத்தவன் அப்படியே நின்றேன். அவளை எப்படி அடையாளம் தெரியாமல் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். இத்தனை வருடமும் தெருவில் முன்னால் போனவன் நான். அவள் முதுகை அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன்.

"அது என் சட்டை" என்றேன்.

"காலையில தேடினீங்கள்ல? இதோ இருக்கு."

"அப்போ அந்தத் தக்காளி?"

"ஓடிட்டு வர்ற வழியில வாங்கினது."

"சலூனை மூட வெச்சது?"

"நான்தான். ஆளே ஓடாத பந்தயத்துல ஜெயிச்சு நான் என்னங்க பண்றது?" என்று தன் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். "பாலத்துக்கிட்ட நீங்க அந்தக் கல்லைப் பார்த்த பார்வை இருக்கே! முன்னால போய்ட்டிருந்த நான் வேகத்தைக் குறைச்சு உங்களுக்கு நேர் முன்னால வந்தேன். மூணு தடவை திரும்பிப் பார்த்தேன். நீங்க தரையில என்னத்தையோ தேடிட்டு வந்தீங்க."

"நீ வேகத்தைக் குறைச்சும் என்னால முந்த முடியலையா?"

"அதை வெளியில சொல்லாதீங்க" என்றாள் கனிவாக.

வீடு திரும்பும்போது அவள் முன்னால் நடந்தாள். நான் பைகளோடு பின்னால் போனேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் அத்தனை பேரும் எங்கள் இரண்டு கழுத்தையும் பார்த்தார்கள். சலூன்காரர் சோப்பு நுரையோடு ஒருவரைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து கை தட்டினார். நான் பைகளைக் கீழே வைத்துவிட்டுப் பதக்கத்தை நேராக்கிக்கொண்டு நடந்தேன். அவள் திரும்பிப் பார்த்ததும் போய்ப் பைகளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை மூலை அறைக்குள் மேஜையை நானே தூக்கிப் போட்டேன். யானைகளை நானே அடுக்கினேன். சுவரில் அவள் பதக்கத்துக்கு நானே ஆணி அடித்தேன். அடித்துவிட்டு மெல்லக் கேட்டேன்: "பக்கத்துல இன்னொரு ஆணி அடிச்சுக்கட்டுமா?"

சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அடிச்சுக்கோங்க. முடிச்சது முடிச்சதுதானே."

இப்போது அந்த ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பதக்கங்கள் பக்கத்தில் பக்கத்தில் மின்னுகின்றன. தினமும் கடைக்குக் கிளம்புமுன் என்னுடையதை ஒரு முறை பார்த்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. இன்று காலையும் போனேன். காபிக் கோப்பையை வெளியே வைத்தேன். தலையைக் கோதிக்கொண்டேன். அவள் போட்ட விதிமுறைப்படி, மூடிய கதவை மெதுவாகத் தட்டினேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "யாரு?"