ஜேசுராஜ் உள்ளே இருக்கிற சேதி

கீழ்வேளூர்,
11.1.1973

பேராவூரணி தேங்காய் மண்டி ஜெக்கரியா மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் தங்கை ஆசியாவும் பிள்ளைகளும் நலம். அங்கு உங்கள் நலமும் தென்னைகளின் நலமும் அறிய ஆவல்.

"நிருபர்கள் சங்கத்துக்குச் செயலாளரா இருங்க மாப்ள, நாலு பேர் பழக்கம் கிடைக்கும்" என்று போன பெருநாளில் சொன்னவர் நீங்கள். ஆகவே இதைப் படிக்க வேண்டியவரும் நீங்களே.

நிர்வாகிகள் நாலே பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. மற்ற மூவரில் ஒருவர் பத்திரிகை ஆளுங்கட்சிக்கு வேண்டியது, ஒருவருடையது மிராசுதார்கள் வாங்குவது, ஒருவருடையது கூலியாட்கள் பக்கம். அதனால் சேர்ந்து டீ குடித்தாலும் ஒருவருக்கொருவர் சேதி சொல்வதே இல்லை. இதைச் சரிசெய்யத் தலைவர் பெரியநாயகசாமி போன மாதம் தீர்மானம் கொண்டுவந்தார்: நம்மில் ஒருவருக்கு ஆபத்து என்றால் முதலில் அறிந்தவர் உடனே மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். கைதட்டினோம். வடை வந்தது.

நேற்று அறுவடைக் கூலித் தகராறு. வரப்பில் நின்று குறிப்பெடுத்த எங்கள் துணைச் செயலாளர் ஜேசுராஜையும் கூலியாட்களோடு போலீஸ் வேனில் ஏற்றிவிட்டார்கள். நிருபர் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "வரப்புல நிக்கிறவன்லாம் ஒரே கட்சிதான், ஏறு" என்றாராம் ஏட்டு. சங்கத்தார் சேர்ந்து போய் 'இவர் எங்கள் ஆள்' என்றால் விட்டுவிடுவார்கள். ஜேசுராஜின் மனைவி விண்ணரசி தலைவர் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். தலைவர் நாற்காலி போட்டு, எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, "வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றாராம். பார்த்துக்கொண்டது என்னவென்றால், தன் பத்திரிகைக்குச் செய்திக் கவரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியது. மனம் கேளாமல் அந்தம்மா பொருளாளர் பஞ்சநதத்திடமும் போயிருக்கிறார். அவரும் அதையே சொல்லி, "வீட்டுல நல்ல போட்டோ இருக்குதா? கல்யாணப் போட்டோன்னாலும் சரி" என்றாராம்.

பூம்புகார் போய்த் திரும்பிய எனக்கு எதுவும் தெரியாது. மாலை டீக்கடையில் கூடினோம். "ஜேசுராஜைக் காணோமே?" என்றேன். "ஜுரமா இருக்கும்" என்றார் பஞ்சநதம். "பனி அதிகம்" என்றார் தலைவர். இன்று காலை இவர்கள் இருவர் பத்திரிகையிலும் செய்தி. ஒன்றில் ஜேசுராஜ் கழுத்தில் மணமாலையோடு இருக்கிறார்.

டீக்கடையிலேயே அவசரக் கூட்டம் போட்டேன். "தெரிஞ்சும் வாயத் தொறக்கலியே நீங்க!" என்று பஞ்சநதத்தின் மேல் பாய்ந்தார் தலைவர். "நீங்க மட்டும் தொறந்தீங்களா? பனியாம் பனி!" ஸ்டேஷனுக்குப் போவோம் என்று கெஞ்சினேன். "யாரு மறைச்சதுன்னு முதல்ல தெரியணும்" என்றார்கள் இருவரும். கடைசியில், முதல் தீர்மானத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று இரண்டாவது தீர்மானம் நிறைவேறியது. விண்ணரசி சாப்பாட்டுத் தூக்கோடு கடை வாசலில் நின்று அதையும் கேட்டார்.

மச்சான், எனக்கு வெறுத்துப்போச்சு. கூடவே உட்கார்ந்து டீ குடித்தவன் உள்ளே கிடக்கிறான், இவர்களுக்குச் செய்திதான் பெரிசு. இந்தச் சங்கம் தேறாது. ராஜினாமா எழுதிவிட்டேன்.

மாமிக்கு என் சலாம். வல்ல இறைவன் உங்களையும் தோப்பையும் எல்லாத் தீங்கிலிருந்தும், குறிப்பாகச் சங்கங்களிலிருந்தும், காப்பானாக.

அன்புள்ள மாப்பிள்ளை,
அப்துல் ஜலீல்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். ஜேசுராஜை நாளைக் காலை வழக்கில்லாமல் விட்டுவிடுகிறார்களாம். என்னிடம் மட்டும்தான் சொன்னார். எழுதி பஸ்ஸில் அனுப்பிவிட்டேன்; விடிந்தால் எங்கள் பத்திரிகையில் மட்டும் வரும். இந்தக் கடிதமும் பேராவூரணி பஸ்ஸில் இன்றே உங்கள் கைக்கு வந்துவிடும் என்பதால் சொல்கிறேன், விடியும்வரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள். விண்ணரசி வந்து வாசலில் நிற்கிறார். "ஏதாவது தெரிஞ்சுதாண்ணே?" என்கிறார். "ஒண்ணும் தெரியலம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறேன்.