ஏழு பேரைச் சுட்ட துப்பாக்கி

உப்பைத் தொட்டுச் சொல்கிறேன். தூத்துக்குடிக்காரன் உப்பைத் தொட்டுப் பொய் சொன்னால் அவன் வீட்டுக் குழம்பு ஏழு தலைமுறைக்கு ருசிக்காது. ஆகையால் இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. கூட்டிச் சொல்லவும் இல்லை. இரண்டொரு இடத்தில், நீங்கள் நம்ப மாட்டீர்களே என்று குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

"வெள்ளிக்கிழமை கொட்டகை நிறையணும் வே. நிறையலன்னா சனிக்கிழமை துணியை அவிழ்த்துருவேன். துறைமுகத்துல மூட்டை மூடத் துணி கேட்டு நாயா அலையுதான்."

சொன்னவர் காசிலிங்கம். மாப்பிள்ளையூரணிக்குப் போகிற வழியில், உப்பளம் தாண்டி நின்ற துணிக்கூடாரச் சினிமாக் கொட்டகையின் முதலாளி. கேட்டுக்கொண்டு நின்றவர் அருமைநாயகம், கொட்டகை மானேஜர். மானேஜர் ஆவதற்கு முன்னால் உப்பளத்தில் உப்பு வாரியவர். துணி அவிழ்ந்தால் மறுபடி அங்கேதான் போக வேண்டும். காலில் அந்தக் காலத்துப் புண்ணே இன்னும் ஆறவில்லை.

அது 1943. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அரிசி, மண்ணெண்ணெய், காகிதம் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு.

"என்ன படம் அண்ணாச்சி?"

"சூறாவளிச் சொர்ணம். பழிவாங்குற படமாம். புருஷனைக் கொன்ன ஏழு பேரை ஒரு பொம்பளை தேடித் தேடிக் கொல்லுதாளாம்."

"போஸ்டர்?"

"காகிதம் இல்லன்னுட்டான். அம்புட்டுத்தான் தெரியும். மிச்சத்தை நீரு பார்த்துக்கிடும்."

அருமைநாயகம் யோசித்தார். ஒரு பொம்பளை, ஏழு ஆம்பிளைகள். துப்பாக்கி இல்லாமல் முடிகிற காரியமா? போஸ்டர் இல்லாவிட்டால் என்ன, துப்பாக்கியையே வாசலில் வைத்துவிடலாம்!

நேராக மாடக்கண்ணு ஆசாரியிடம் போனார். மாடக்கண்ணு தோணி கட்டுகிறவர். தோணியைத் தவிர வேறெதுவும் செய்தறியாதவர்.

"துப்பாக்கியா? நான் கண்ணால கண்டதில்லையே அண்ணாச்சி."

"நான் மட்டும் கண்டனா? தோணியையே கொஞ்சம் ஒல்லியா செய்யும் வே. ஒரு முனையில ஓட்டையைப் போடும்."

"தண்ணி உள்ள வந்துருமே!"

"வரட்டும்."

புயலில் ஒடிந்த பாய்மரம் ஒன்று கிடந்தது. அதில் செய்தார். விரலால் இழுக்கிற குதிரைக்குச் சுறாத் தூண்டில் முள்ளை வளைத்து மாட்டினார். கட்டைப் பிடியில் முத்துச் சிப்பி ஓட்டைப் பதித்தார். தோணிக்குப் பூசுகிற தார் மாதிரிக் கீலை மேலெல்லாம் பூசினார். துப்பாக்கி ஆறடி நீளம் வந்தது. குழாயின் வாய்க்குள் ஒரு தேங்காய் தாராளமாகப் போகும். அதைத் தூக்கி வர நாலு பேர் வேண்டியிருந்தது. கடற்கரை வழியாகக் கொண்டு வந்தபோது துறைமுகத்தில் நின்ற வெள்ளைக்காரன் கப்பல் ஒன்று மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. இது குறைத்துச் சொன்ன இடங்களில் ஒன்று.

கொட்டகை வாசலில் இரண்டு கவைக்கம்பு நட்டு, அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, அருமைநாயகம் தகரக் குழாயில் முழங்கினார்.

"சூறாவளிச் சொர்ணம் ஏழு பேரைச் சுட்ட அதே துப்பாக்கி! இதே துப்பாக்கியை வெள்ளிக்கிழமை படத்தில் காணத் தவறாதீர்கள்!"

ஊர் வந்தது. வாய்பிளந்தது. உப்பள வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்தினார்கள். மாடுகளும் பார்த்தன.

"எம்மா! இதை ஒரு பொம்பளையா தூக்குனா?"

"ஒத்தைக் கையில" என்றார் அருமைநாயகம்.

"மத்தக் கை?"

"பிள்ளை இருந்துது இடுப்புல."

இதை அவர் சொல்ல நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. கூட்டம் உச்சுக்கொட்டியது. உப்பளத்தில் வேலை செய்யும் சீனித்தாய் என்பவள் முன்னால் வந்து, துப்பாக்கியை அடியிலிருந்து நுனி வரை பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"கைப்பிள்ளைக்காரிய இப்படி ஆக்கிட்டானுவளே, பாவியோ!" என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள் அரளி மாலையோடு திரும்பி வந்தாள்.

அந்தச் சீமையில் அது வழக்கம். அநியாயத்தில் அடிபட்டவள் பழி தீர்த்துவிட்டால் அவள் மனுஷி இல்லை, தெய்வம். அவளுக்கு வில்லுப்பாட்டு உண்டு, கொடைவிழா உண்டு. அவள் கையிலிருந்த ஆயுதத்துக்கும் அதில் பங்கு உண்டு. மறுநாள் துப்பாக்கிக்கு முன்னால் பொங்கல் பானை கொதித்தது. ஒரு கிடாக்குட்டியைக்கூட நேர்ந்துவிட்டார்கள். துப்பாக்கியைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் கையில் கீல் ஒட்டியது. அதை நெற்றியில் இட்டுக்கொண்டார்கள்.

காசிலிங்கம் குதித்தார். "ஏன்வே, எல்லாவனும் கும்பிட்டுட்டுப் போறான். டிக்கெட்டுப் பேச்சையே காணோம்! கீலு வேற உதிருது. உள்ள மரம் தெரிஞ்சா என்ன ஆகும்?"

தொடாமல் தடுக்க வேண்டும். அருமைநாயகம் கயிறு கட்டினார். கயிற்றுக்கும் மஞ்சள் தடவினார்கள். வேறு வழியில்லாமல் தகரக் குழாயை எடுத்தார்.

"யாரும் தொடக்கூடாது! உள்ளே இன்னும் ஒரு தோட்டா இருக்கிறது!"

கூட்டம் பத்தடி பின்னால் போனது. பிறகு இருபதடி முன்னால் வந்தது.

"அது யாருக்கு அண்ணாச்சி?"

"எது?"

"மிச்சத் தோட்டா. ஏழு பேரைச் சுட்டாச்சே. எட்டாமவன் யாரு?"

அருமைநாயகம் தகரக் குழாயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதனால் ஊரில் வட்டிக்கடை வைத்திருந்த மூன்று பேர் அன்றைக்கே விளாத்திகுளத்துக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கக் கிளம்பிப் போனார்கள். சங்கதி போலீஸ் ஸ்டேஷனை எட்டியது.

இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் மீசையோடு வந்து இறங்கினார். துப்பாக்கியைப் பார்த்தார். கூட வந்த கான்ஸ்டபிள் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"யுத்த காலத்துல பீரங்கி வச்சிருக்கீரு. லைசென்ஸ் எங்க?"

அருமைநாயகம் அவர் காதருகே போனார். "எசமான், அது வெறும் மரம்."

"மரமா? அப்ப ரம்பத்தைக் கொண்டா. அறுத்துப் பார்ப்போம்."

ரம்பம் என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டம் எழுந்து நின்றது. சீனித்தாய் சேலையை இழுத்துச் செருகினாள்.

"என்ன அண்ணாச்சி? என்னத்தை அறுக்கப் போறிய?"

"ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல! நிஜத் துப்பாக்கியை எவனாவது அறுப்பானா?" என்று கத்தினார் அருமைநாயகம்.

"அப்ப நிஜம்தானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மரம் எசமான்" என்றார் காதில்.

"சத்தமாச் சொல்லும்."

"நிஜம்!"

"ஸ்டேஷனுக்கு நடவும்."

"மரம் எசமான், மரம்..."

ஆவுடையப்பன் மீசையைத் தடவினார். "சரி. வெள்ளிக்கிழமை நான் படம் பார்க்க வாரேன். படத்துல ஏழு பேரைச் சுடுறது இதே துப்பாக்கின்னா, இது நிஜம். லைசென்ஸ் இல்லாம ஆயுதம் வச்ச குத்தத்துக்கு உள்ள போவீரு. இது இல்லன்னா, பொய் சொல்லி ஜனங்களை ஏமாத்துன குத்தத்துக்கு உள்ள போவீரு."

"ரெண்டுலயும் உள்ளதானா எசமான்?"

"எதுல போவோம்னு நீரே முடிவு செய்யும். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை கொட்டகை வழிந்தது. மணலில் உட்கார இடமில்லாமல் ஜனங்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தார்கள். காசிலிங்கத்துக்கு வாயெல்லாம் பல். அருமைநாயகத்துக்கு வாயில் எச்சில்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கான்ஸ்டபிள் விலங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

படம் ஓடியது. என்ன படம்! புருஷனைக் கொன்ற முதல் ஆளைச் சொர்ணம் கிணற்றில் தள்ளினாள். இரண்டாமவன் படுக்கையில் பாம்பை விட்டாள். மூன்றாமவன் தலையில் அம்மிக்கல்லைப் போட்டாள். நாலாமவனை அவன் தலைப்பாகையாலேயே நெரித்தாள். ஐந்தாமவன் ஓடினான், மாட்டு வண்டியில் விரட்டிப் பிடித்தாள். ஆறாமவனைத் தென்னை மரத்தில் ஏற்றிவிட்டு மரத்தை வெட்டினாள். ஏழாமவனை ஒன்றும் செய்யவில்லை. முறைத்தாள். செத்துப்போனான்.

திரையில் ‘வணக்கம்’ போட்டுப் படத்தை முடித்தார்கள். படத்தில் துப்பாக்கி என்று ஒரு சாமானே கிடையாது. பொட்டு வெடிச் சத்தம்கூட இல்லை.

விளக்கு வந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அத்தனை தலையும் மெள்ளத் திரும்பி அருமைநாயகத்தைப் பார்த்தன. அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆவுடையப்பன் எழுந்தார். "துப்பாக்கி எங்கவே?"

"வாசல்ல எசமான்."

"வாசல்ல இருக்கு, தெரியும். படத்துல எங்க?"

அருமைநாயகம் இரண்டு கையையும் சேர்த்து விலங்குக்கு வாகாக நீட்டினார். கான்ஸ்டபிள் ஓரடி எடுத்து வைத்தான். அப்போது மணலிலிருந்து ஒரு குரல் வந்தது. சீனித்தாய்.

"என்ன எசமான் இப்படிக் கேக்கிய? துப்பாக்கியத்தான் இவரு இங்கன தூக்கிட்டு வந்து வச்சுக்கிட்டாரே. அந்தப் பிள்ளை பிறகு எதை வச்சுச் சுடும்?"

சீனித்தாய் எழுந்து நின்றாள்.

"அதாம் கெணத்துல தள்ளி, கல்லைத் தூக்கி, மரத்தை வெட்டி, இம்புட்டுப் பாடுபட்டிருக்கு. கடைசி ஆளு வாரதுக்குள்ள அவளுக்குத் தெம்பே இல்ல, பார்த்தியளா? முறைச்சு நின்னுட்டா. ஏன்வே அருமைநாயகம், உமக்கு ஈவு இரக்கம் கிடையாதா? இன்னைக்கே அவளுக்கு அதை அனுப்பி வையும்!"

"அனுப்பி வையும்!" என்றது ஊர்.

இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் கான்ஸ்டபிளிடம் விலங்கை உள்ளே வைக்கச் சொன்னார். சட்டத்தில் எந்தப் பக்கம் புரட்டினாலும் இதற்குப் பதில் இல்லை.

"அந்தப் பொம்பளை சொல்லுறதும் நியாயமாத்தான் இருக்கு" என்றார். "விடியறதுக்குள்ள ரயில்ல ஏத்திரும். போய்ச் சேர்ந்துச்சான்னு நாளைக்கு நானே வந்து படத்துல பார்ப்பேன்."

நாலு பேர் அழுதுகொண்டே துப்பாக்கியை ரயிலேற்றினார்கள். சனிக்கிழமை கூட்டம் வெள்ளிக்கிழமையைவிட இரண்டு பங்கு. துப்பாக்கி அவள் கைக்குக் கிடைத்துவிட்டதா என்று பார்க்க வந்தவர்கள். கிடைக்கவில்லை, ரயில் தாமதம் என்று பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். காசிலிங்கம் கொட்டகைத் துணியை அவிழ்க்கவில்லை; பக்கத்தில் இன்னொரு துணி வாங்கி ஒட்டுப் போட்டார். மானேஜர் அருமைநாயகம் புதுச் செருப்பு வாங்கினார்.

1943-ஆம் வருஷம் முழுவதும் நான் கொழும்பில் ஒரு புகையிலைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.