என் செயலி சொன்ன அடுத்த இடம்

சும்மா இருக்கத் தெரியாதவன் கணினி படிக்கக் கூடாது. படித்தாலும், அவனை அக்காவின் கல்யாணப் பேச்சுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

மாஸ்டர்ஸ் ஆய்வுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தேன். ஒருவர் இதுவரை போன இடங்களை நியூரல் நெட்வொர்க்குக்குப் பழக்கிவிட்டால், அடுத்து எங்கே போகலாம் என்று அது தமிழில் வாய்விட்டே சொல்லும். பழக்குவதற்கு வேறு ஆள் கிடைக்காததால், வீட்டில் நாலு பேருடைய போனிலிருந்தும் ஒரு வருடப் பயணங்களை உருவிக் கொடுத்திருந்தேன். (பரிசோதித்தேனா? அதற்கெல்லாம் பொறுமை வேண்டும்.)

மாப்பிள்ளை வீடு புரோசார்ட் என்ற பக்கத்து ஊரில். அக்கா தானாக விரும்பி ஓம் சொன்ன முதல் இடம் அது. "ஏதும் குழப்பினியோ, கொன்றுபோடுவன்" என்று காரிலேயே எச்சரித்திருந்தாள். அங்கே போய் உட்கார்ந்தும் என் கால் நிற்கவில்லை. அம்மா தொடையில் கிள்ளினார்.

"காலாட்டாதை!"

மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு மரியாதைக்குக் கேட்டார். "தம்பி என்ன படிக்கிறார்?"

"பொறுங்கோ அங்கிள், காட்டுறன்."

எங்கள் நாலு போனையும் செயலியில் ஒன்றாகச் சேர்த்து, சத்தத்தையும் கூட்டினேன். கோயில் என்று சொல்லும், சபை மெச்சும் என்று நினைப்பு.

"நீங்கள் அடுத்துப் போகக்கூடிய இடம், மலர்ச்சாலை."

மலர்ச்சாலையில் பூ விற்பதில்லை, செத்தவரைக் கிடத்துவார்கள் என்பது எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றார். உள்ளறையில் இடுப்பில் நாரிப்பிடிப்போடு படுத்திருந்த மாப்பிள்ளையின் அப்பப்பா இருமினார். அக்கா பார்த்த பார்வையில், செயலி சொன்னது எனக்குத்தான் என்று தெரிந்தது.

"அது... நாங்கள் நாலு பேரும் ஒண்டாப் போனதெல்லாம் செத்தவீடெண்டு மலர்ச்சாலைக்குத்தான், அங்கிள். மற்ற நேரம் ஆளுக்கொரு ஷிப்ட். அதைத்தான் இது படிச்சிருக்கு" என்று உளறினேன். அப்பா தலை குனிந்துகொண்டார். வெட்கத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது.

உள்ளேயிருந்து கிழவரின் குரல் வந்தது. "ஆருக்காம்? எனக்கெண்டால் கலியாணச் சாப்பாடு முடிய வரச்சொல்லு!"

முதலில் சிரித்தது அக்கா. நாள் வைத்துவிட்டுத்தான் எழும்பினோம்.

கல்யாணத்தில் கிழவர் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தார். இன்னமும் இருக்கிறார். அம்மா, அப்பா, நான் மூவரும் மாதத்தில் ஒரு ஞாயிறு, ஷிப்ட் மாற்றியாவது, அக்கா வீட்டுக்கு ஒன்றாகப் போகிறோம். கதவு திறந்ததும் கிழவர் கேட்பது ஒன்றுதான்.

"தம்பி, போன் என்ன சொல்லுது? சாப்பிடவோ, மலர்ச்சாலைக்கு வேட்டி மாத்தவோ?"