கோபுரத்தடியில் எடுத்த படம்

ஜூலை 9, புதன்.

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி ஈரத்துணியால் துடைத்தேன். கோபுரம் பளிச்சென்று ஆகிவிட்டது. இரண்டு முகங்களும் துணியோடு வந்துவிட்டன.

எழுதி முடித்ததும் அனுசியா 'சிறு' என்ற சொல்லை மட்டும் அடித்தாள்.

நாளைக்குக் கல்யாண நாள். வருடா வருடம் அன்று அப்பா சுந்தரபாண்டியன் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "எண்பத்தாறுல பட்டாளத்துல எனக்கு ரெண்டே நாள் லீவு. காலையில குத்தாலத்துல குளிச்சோம். ராத்திரி ரயில் ஏறதுக்கு முன்ன தென்காசி கோபுரத்தடியில நின்னோம்." அதைக் கேட்டுக் கேட்டே அனுசியா வளர்ந்தாள். பிறப்பதற்கு முந்தைய அந்த ராத்திரியில் தானும் கூட நின்றதுபோல அவளுக்கு ஒரு நினைப்பு.

பழைய படம் போனது போனதுதான். அதே இடத்தில், அதேபோல ஒரு படம் எடுத்து விடிவதற்குள் மாட்டிவிட்டால், அப்பாவின் முகம் கொஞ்சம் குறைவாக வாடும். மாலை வகுப்பில் கேமரா பழகுகிறவள் அல்லவா? "ராத்திரியில ஒரு இடமும் மனுசங்களும் எடுக்கச் சொல்லியிருக்காங்கப்பா" என்று இருவரையும் கோபுர வாசலுக்குக் கூட்டி வந்தாள். முகமில்லாத படம் அவள் பையில் இருந்தது.

"அன்னைக்கு எங்கப்பா நின்னீங்க?"

"வாசலுக்கு இடப்பக்கம்."

"வலப்பக்கம்" என்றாள் அம்மா ஆனந்தவள்ளி. "காத்துல என் முந்தானை பறந்துச்சே, மறந்துட்டீங்களா?"

"ஏட்டி, நான் பட்டாளத்துக்காரன். எனக்கா மறக்கும்?"

அனுசியா இருவரையும் வாசலுக்கு நடுவில் நிறுத்தினாள். குற்றாலத்துச் சாரலோடு வந்த காற்று வாசலில் வேகம் பிடித்து, கேமரா முக்காலியைச் சாய்த்தது. அர்ச்சனைத் தேங்காய்ப் பையை முக்காலியில் தொங்கவிட்டாள். பை ஊஞ்சலாடியது. படத்தில் கோபுரமும் சேர்ந்து ஆடியது. அம்மாவை முக்காலியைப் பிடிக்கச் சொன்னாள். ஆடவில்லை. ஆனால் படத்தில் அம்மா இல்லை.

"யக்கா, நான் பிடிக்கேன்" என்று பூக்காரி சொக்கம்மாள் எழுந்து வந்தாள். "உங்க ஜோடிப் படத்துக்கு நான் கால் பிடிச்சேன்னு இருக்கட்டும்."

"இருட்டுல படம் விழ எட்டு செகண்ட் ஆகும், அசையாதீங்கப்பா."

ஐந்தாவது நொடியில் தெரிந்தவர் ஒருவர் சைக்கிளில் போனார். அப்பா திரும்பி, "என்னவே, சௌக்கியமா?" என்றார். படத்தில் அப்பாவுக்கு இரண்டு முகம்.

"இருந்த ஒண்ணையே சமாளிக்க முடியல" என்றாள் அம்மா.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் வேறு. பழைய படத்தில் முழுக் கோபுரமும் தெரிந்தது. இங்கே பாதிதான் அடங்கியது. அனுசியா பத்து அடி பின்னால் போனாள். பிறகு இருபது. ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார்.

"இன்னும் பின்னால போனா ரயிலடிதான் மக்கா!" என்று அப்பா அங்கிருந்து கத்தினார்.

யாரும் பார்க்காமல் பழைய படத்தை எடுத்து அதிலிருந்த கோபுரத்தின் நிலைகளை எண்ணினாள். ஏழு. நிமிர்ந்து எண்ணினாள். ஒன்பது. கணக்கிலும் நாம் மோசம் என்று மறுபடி எண்ணினாள். அப்போதும் ஒன்பது. சரியாக எண்ணக்கூடத் தெரியாதவள் துடைக்கப் போயிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே காற்று படத்தைப் பிடுங்கியது.

அது உருண்டு போய் அப்பாவின் காலடியில் விழுந்தது.

குனிந்து எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கட்டி எங்க முகம்?"

"துடைச்சேம்ப்பா... தெரியாம..." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒரே ஒரு படம்ட்டி! நாலு வருசம் எல்லையில சட்டைப்பையில வச்சிருந்தேன். இதே கோபுரத்தடியில, இதே ராத்திரியில, நானும் இவளும்..."

"இங்கன கொண்டாங்க அண்ணாச்சி." சொக்கம்மாள் படத்தை வாங்கி விளக்கடியில் பிடித்தாள். "எப்ப எடுத்தது?"

"எண்பத்தாறுல!"

"எண்பத்தாறுல இங்கன ஏது கோபுரம்? மொட்டையால்லா கிடந்துச்சு! தொண்ணூறுலதான கெட்டி முடிச்சாங்க. இது ரயிலடி ஸ்டூடியோவுல கோபுரம் வரைஞ்சு தொங்கவிட்ட திரைல்லா அண்ணாச்சி. எங்க கல்யாணப் படத்துலயும் இதே கோபுரம்தான்!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கோபுரத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அனுசியா குறிப்பேட்டில் எழுதினாள்:

நாளைய வேலை: எட்டு முழம் வெள்ளைத் துணி வாங்க வேண்டும். அதில் ஒரு கோபுரம் வரைய வேண்டும்.